கணக்கில் வராத சொற்கள்

பள்ளியில் ஒன்றாகப் படித்த நம் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு வீடியோ போட்டிருந்தாள். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே விளையாட்டுக் காட்டிக் கற்றுக்கொடுக்க எளிய வழிகளாம். தட்டில் தானியத்தைப் பரப்பி விரலால் கோடு இழுக்க விடுங்கள். கிண்ணத்துக்கு அடியில் ஒரு சாமானை ஒளித்துத் தேட விடுங்கள். அறை அறையாக இருக்கும் பெட்டியில் நாலைந்து பொருட்களைப் போட்டு, ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி அதன் பெயரைச் சொல்லுங்கள். பேரன் பேத்தி எடுத்துவிட்ட நீங்கள் எல்லாரும் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். 'இதெல்லாம் நம்ம வீட்டுப் பொம்பளைங்க எப்பவோ செஞ்சதுதானே' என்று இன்னொருத்தி எழுதியிருந்தாள். நானோ அந்தப் பெட்டி வந்த இடத்திலேயே வீடியோவை நிறுத்திவிட்டேன்.

ஏன் நிறுத்தினேன் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். படித்துவிட்டு யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். 'அப்ப நீ சின்னப் புள்ள, உனக்கென்ன தெரியும்' என்று யாரும் எழுதவும் வேண்டாம். அதை நானே எனக்கு எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருதரமும் அது வேலை செய்யவில்லை.

இண்டூரை ஒட்டி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் எங்கள் ஓட்டு வீடு இருந்தது. அப்பா தொடக்கப் பள்ளி வாத்தியார். முன்பக்கம் அப்பா, அம்மா, நான். பின்பக்கத்து அறையில் சித்தப்பாவும் சின்னம்மாவும். சமையல் ஒன்றாகத்தான். சித்தப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வாரக் கடைசியில் வந்துவிட்டுத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். வேலைக்குப் போன இடத்தில்தான் சின்னம்மாவைப் பார்த்துக் கட்டிக்கொண்டார். அண்ணனைக் கேட்காமல் செய்த கல்யாணம். அதனால் அதற்கப்புறம் எதற்குமே அண்ணன் முன்னால் அவர் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தும் உரிமையை அந்த ஒரு கல்யாணத்திலேயே செலவழித்துவிட்டதாக நினைத்திருப்பார் போலிருக்கிறது.

சின்னம்மா தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. எண்பதுகளில் அதெல்லாம் நம் தர்மபுரி மாவட்டம்தான், நினைவிருக்கும். அவர்கள் வீட்டுப் பேச்சு கன்னடம். தமிழும் அவளுக்கு வரும். ஆனால் தமிழ் பேசும்போது ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். கன்னடத்தில் பேசும்போது அவள் வேறு ஆள். குரல் வேகமாக ஓடும், நடுவில் சிரிப்பு வரும், கைகள் சும்மா இருக்காது. அந்த வேறு ஆளை எங்கள் வீட்டில் பார்த்தவர்கள் இரண்டே பேர். அவள் மகனும் நானும்.

அவள் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது தாண்டியிருந்தது. எனக்குத் தம்பி முறை. கூடப் பிறந்தவர்கள் எனக்கு இல்லாததால் அவனை முழுசாகவே என் தம்பி என்று எடுத்துக்கொண்டேன். நெற்றியில் எப்போதும் ஒரு கறுப்புப் பொட்டு கலைந்து கிடக்கும். இடுப்பில் அரைஞாண் கயிறு தவிர வேறு துணி நிற்காது. நடக்கப் பழகியதும் சும்மா நடக்காமல், யாரையோ அவசரமாகப் பார்க்கப் போகிறவன் மாதிரி ஓடிக்கொண்டே இருப்பான்.

சின்னம்மா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் ஒரு பழைய மர அஞ்சறைப் பெட்டியும் இருந்தது. மூடியை மேலே தூக்க வராது. பக்கவாட்டில் இழுத்துத்தான் திறக்க வேண்டும். கடுகும் சீரகமும் கிடந்து கிடந்து மரத்துக்கே ஒரு வாசனை ஏறியிருந்தது. அம்மாவின் அடுப்படியில் எவர்சில்வர் டப்பாக்கள் வந்துவிட்டதால் இந்தப் பெட்டிக்கு அங்கே வேலை இல்லை. சின்னம்மா அதைப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானாக்கிவிட்டாள். ஓர் அறையில் காய்ந்த மாங்கொட்டை. ஓர் அறையில் சேவல் இறகு. இன்னொன்றில் கன்றுக்குட்டியின் கழுத்து மணி. அடுத்ததில் வழவழப்பான கல். கடைசி அறையில் அவளுடைய பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று.

மத்தியானம் வேலை ஓய்ந்ததும் தரையில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து, மூடியை மெல்ல இழுப்பாள். ஓர் அறைதான் தெரியும். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். "ஏனு?" என்பாள். என்ன என்று அர்த்தம். அவன் கையை விட்டு வளையலை எடுப்பான். "பளே" என்பாள். அவன் அதைத் திரும்பச் சொல்ல வாயைக் குவிப்பான். பாதி எச்சில்தான் வரும். அதற்கே அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சுவாள்.

பெட்டி அலுத்துப்போனால் முறத்தில் கேழ்வரகைப் பரப்பி அவன் விரலைப் பிடித்துக் கோடு இழுப்பாள். கோடு விழுந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து முறத்தைக் குலுக்கி அழிப்பார்கள். எங்கள் வீட்டுக் கூரையில் ஓர் ஓடு விரிசல் விட்டிருந்தது. அதன் வழியாகத் தரையில் வட்டமாக ஒரு வெயில் விழும். தம்பி அதை உள்ளங்கையால் மூடுவான். வெயில் அவன் புறங்கைக்கு ஏறிவிடும். எங்கே போயிற்று என்று கையைத் தூக்கிப் பார்ப்பான்; மறுபடி தரையில் கிடக்கும். இந்த மோசடி அவனுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. சின்னம்மா சிரித்து மாளமாட்டாள். அப்புறம் உடம்பைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லும் விளையாட்டு. காதைத் தொட்டால் "கிவி". அவன் முதன்முதலாகத் திருத்தமாகச் சொன்ன சொல் அதுதான். தன் காதைப் பிடித்துச் சொல்வான், என் காதைப் பிடித்துச் சொல்வான், கட்டிக் கிடக்கும் மாட்டின் காதைக் காட்டியும் சொல்வான். அவளை அவன் கூப்பிடுவது "அவ்வா" என்று. அவர்கள் ஊரில் அம்மாவுக்கு அப்படித்தான்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து கூடச் சொல்வேன். எனக்கு அது ஒரு வேடிக்கை. கொஞ்சம் பொறாமையும் உண்டு. என் அம்மா என்னோடு அப்படித் தரையில் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

முழுப் பரீட்சை லீவில் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு காதுகுத்து. அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா, எனக்கு அத்தை, அவள் பேத்திக்கு. அந்தப் பேத்திக்கும் எங்கள் தம்பி வயதுதான். அது வாசலிலேயே நின்றுகொண்டு, வருகிறவர்களை எல்லாம் "வாங்க, சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. பந்தலே அதைச் சுற்றித்தான் நின்றது. அத்தை பூரித்துப் போய், கண்ணுக்கு எதிரில் இருந்த எங்கள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உம் பேரென்னா சாமி? சொல்லு பாக்கலாம்."

தம்பி சின்னம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"ஏம்ப்பா, வாத்தியாரு வூட்டுப் புள்ள இன்னும் வாயத் தொறக்கலியா? டாக்டருகிட்ட காட்டுனீங்களா?" என்று அத்தை அப்பாவைக் கேட்டாள். கேட்டதில் கெட்ட எண்ணம் இருந்ததாக இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் பந்தலுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

ஆசாரி கம்பியை எடுத்தார். பேச்சாளிப் பேத்தி வீறிட்டு அழுதது. அந்த நேரம் பார்த்து எங்கள் தம்பி சேலையிலிருந்து தலையை நீட்டி, அதன் காதைக் காட்டி, "கிவி! கிவி!" என்று கத்தினான். சின்னம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவனை உச்சி முகர்ந்தாள்.

"என்னா உளறுது அது?" என்றார் யாரோ.

"காதுன்னு சொல்றானுங்க" என்றாள் சின்னம்மா.

"காதுன்னா காதுன்னு சொல்ல வேண்டியதுதான?" என்றாள் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். சரியான இடத்தில் சரியான சொல்லைச் சொன்னவன் எங்கள் தம்பி ஒருத்தன்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எல்லாரும் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

தர்மபுரியில் பஸ் மாறி, அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, எல்லாரையும் உட்காரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சித்தப்பாவும் இருந்தார்.

"இனிமே இந்த வூட்டுல புள்ளகிட்ட தமிழ்தான் பேசணும்" என்றார். "ரெண்டு பாஷையையும் ஒரே வாயில ஊட்டுனா அது எதைத்தான் முழுங்கும்? அதான் நாக்கு எழும்பல."

சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள், ஆனால் சொன்னாள். "பேசறானுங்க மாமா. கிவி சொல்றான். பளே சொல்றான். ஹாலுன்னு பால் கேக்கறான். என்னைக் கூப்புடறான்." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள்.

"அதெல்லாம் கணக்குல வராதும்மா" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. பரீட்சைத் தாளில் தப்பான விடைக்கு மார்க் கிடையாது என்று சொல்வது போலத்தான் சொன்னார். "எங்க ஒண்ணாம் வகுப்புல உங்க பக்கத்துப் புள்ளைங்க வந்து உக்காருதுங்க. சிலேட்டக் கூடத் தொட மாட்டேங்குதுங்க. மத்த புள்ளைங்க கேலி பண்ணுதுங்க. நான் தெனமும் பாக்கறேன். நம்ம புள்ளைக்கு அது வேணுமா?"

இதை நான் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு என் தம்பி என்றால் உயிர். ஆண்பிள்ளை இல்லாத மனுஷன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் சட்டைப்பையில் அவனுக்கு ஒரு பிஸ்கட் இருக்கும். அவன் யார் முன்னாலும் தலைகுனியக் கூடாது என்றுதான் அவர் நினைத்தார். வீட்டில் படித்தவர் அவர் ஒருத்தர்தான் என்பதால், அவர் நினைத்தது தப்பாக இருக்கலாம் என்று நினைக்க எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

சின்னம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா தன் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். "அண்ணன் சொல்றது நல்லதுக்குத்தான்" என்றார், வாரிடம்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "லீவுதான உனக்கு? நீ வெளையாட்டுக் காட்டு. எல்லாத்தையும் தமிழ்ல சொல்லிக்குடு."

"சின்னம்மா கன்னடத்துல பேசுனா?" என்று கேட்டேன். கேட்டவள் நான்தான்.

"பேச மாட்டா. நீ கூடவே இரு. அது போதும்."

சின்னம்மா எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த மரப்பெட்டியை எடுத்து வந்து, என் முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள். "மூடிய மெதுவா இழுக்கணும் கண்ணு" என்றாள். "வேகமா இழுத்தா அவனுக்குப் புடிக்காது."

அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பதவி யாரும் கொடுத்ததில்லை. மறுநாளே அப்பாவின் அடிக்குச்சியை எடுத்துக்கொண்டேன். தம்பியைச் சுவரோரம் உட்கார வைத்தேன். மூடியை இழுத்து, "இது என்ன?" என்றேன். அவன் பெட்டியைப் பார்க்கவில்லை. திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேழ்வரகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "இங்க பாரு, இங்க பாரு" என்று குச்சியால் தரையைத் தட்டினேன். "வளையல். சொல்லு, வ-ளை-யல்." அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கொஞ்ச நாள் இப்படியே போயிற்று. அவள் விளையாட்டை விட்டுவிடவில்லை. பேச்சை மட்டும்தான் விட்டாள். முறத்தில் அவன் விரலைப் பிடித்து இப்போதும் கோடு இழுத்தாள், உதட்டை இறுக்கிக்கொண்டு. வெயில் வட்டம் அவன் கைக்கு ஏறும்போது சத்தமில்லாமல் சிரித்தாள். அவன் காதைத் தொட்டுக் காட்டி "கிவி" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தையே பார்ப்பான். அவள் ஒருதரம் என்னைப் பார்ப்பாள். அப்புறம் "காது" என்பாள். தமிழில் அவளுக்குப் பிள்ளையைக் கொஞ்சத் தெரியாது. யாரும் அவளைத் தமிழில் கொஞ்சி வளர்க்கவில்லையே, எங்கிருந்து வரும்? 'காது', 'மூக்கு', 'பால்' என்று கடையில் சாமான் கேட்பது போல ஒவ்வொரு சொல்லாகச் சொல்வாள். மகனிடம் பேசுவதே வரவரக் குறைந்துபோனது.

ஒருநாள் மாலை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தம்பிக்குத் தூக்கம் வந்துவிட்டது. "அவ்வா, ஹாலு" என்று சிணுங்கினான். களியைப் பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

"நான் சொல்லித் தரலீங்க மாமா" என்றாள் சின்னம்மா, அவசரமாக. "அதுவா சொல்லுது."

அப்பா ஒன்றும் திட்டவில்லை. பால் டம்ளரைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார். "பால்னு சொல்லுடா தங்கம். பெரியப்பா தரேன்."

தம்பி அழுதான். அப்பா பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். சின்னம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் அம்மாதான் எழுந்து வந்து டம்ளரை வெடுக்கென்று எடுத்தாள். "பசியில அழுவற புள்ள எந்தப் பாஷையில அழுதா என்னா?" என்று சொல்லி அவன் வாயில் வைத்தாள். என் அம்மா அப்பாவை எதிர்த்து நான் பார்த்தது அந்த ஒருதரம்தான். அதுவும் அன்றைக்குப் பால் கொடுத்ததோடு முடிந்துபோயிற்று.

இன்னொன்று. வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் துணி துவைக்கும் கல் உண்டு. ஒரு நாள் காலையில் அங்கே தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் சோப்பு எடுத்துப் போனேன். கால்களை நீட்டி அவனைக் காலில் கிடத்தி, அவன் ஈரக் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். பழைய குரல், பழைய வேகம். அவன் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு கிடந்தான். என் நிழல் கல்லின் மேல் விழுந்தது. அவள் சட்டென்று நிறுத்தினாள். சொல்லின் நடுவிலேயே நிறுத்தினாள். சொம்பை எடுத்து அவன் தலையில் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தாள்.

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. ஒரு நாளும் நான் அவளைக் கோள் சொன்னதில்லை. வெகுகாலம் இதை எனக்கு ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். கோள் சொல்ல வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை. நான் அங்கே போய் நின்றதே போதுமாக இருந்தது. அப்பா சொன்னது அதுதானே.

பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் தம்பி சுத்தமாக வாயை மூடிவிட்டான். கிவியும் இல்லை, காதும் இல்லை. ஓட்டமும் குறைந்தது. சுவரோரம் உட்கார்ந்து கன்றுக்குட்டி மணியை ஆட்டிக்கொண்டிருப்பான். எனக்கே பயமாக இருந்தது. அப்பா மட்டும் பயப்படவில்லை. "பழசு வடியுது. வடிஞ்சாத்தான் புதுசு ஊறும்" என்றார்.

அவர் சொன்னது போலவே நடந்துவிட்டது என்பதுதான் இதில் கொடுமை. மாம்பழக் காலம் முடிகிற சமயம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வைத்தேன். தம்பி எழுந்து ஓடி வந்து "அக்கா" என்றான். நான் அலறிய அலறலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அதற்கப்புறம் மடை திறந்த மாதிரிதான். வளையல், மணி, கல்லு, பாலு, பெரியப்பா. நான் சொன்ன எல்லாம் அவன் வாயில் இருந்தது. நான் சொல்கிற தினுசில், நான் இழுக்கிற இழுப்போடு.

ஒரு சனிக்கிழமை எல்லாரும் இருக்கும்போது, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டான்.

"சின்னம்மா!"

அவனுக்கு வேறு எப்படித் தெரியும்? லீவு முழுக்கப் பகலெல்லாம் அவனோடு இருந்தவள் நான். நான் அவளை அப்படித்தான் கூப்பிட்டேன். 'அம்மான்னு சொல்லு' என்று சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டியில் இருந்த சாமானுக்கெல்லாம் பெயர் சொல்லிக்கொடுத்தவள், இதை விட்டுவிட்டேன்.

வீடே வெடித்துச் சிரித்தது. சித்தப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்பா அவனைத் தூக்கிச் சுற்றினார். "பாத்தியாம்மா, எவ்ளோ தெளிவாச் சொல்றான்!" என்றார். சின்னம்மாவும் சிரித்தாள். நான் பார்த்தேன், நன்றாகவே சிரித்தாள். சிரித்துக்கொண்டே "என்னா சாமி?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. திருத்தலாம் என்று முதலில் யாராவது சொல்வார்கள். 'விடு, அழகா இருக்குது' என்று இன்னொருவர் சொல்வார். நம்மில் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் பலர் வீட்டில் இந்தக் கூத்து நடந்திருக்கும். பெற்றவளை அண்ணி என்று கூப்பிட்டவர்கள், அக்கா என்று கூப்பிட்டவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் அது வேடிக்கையாகவே இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருந்தது. அதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

தம்பி நன்றாகப் படித்தான். பேச்சுப் போட்டியில் எல்லாம் பரிசு வாங்கினான். அப்பா கடைசி வரை, வருகிறவர்களிடம், "இவனுக்கு வாயக் குடுத்ததே என் பொண்ணுதான்" என்று என்னைக் காட்டுவார். சின்னம்மா அங்கே காபி டம்ளரோடு நிற்பாள். அவள் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் தமிழாகவே ஆகிவிட்டது. அவள் அண்ணன் எப்போதாவது வந்தால், அவரை அனுப்பிவைக்கிற சாக்கில் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போய், அங்கே நின்று இரண்டு வார்த்தை கன்னடம் பேசிவிட்டு வருவாள். அவரும் காலமான பிறகு அதுவும் இல்லை.

அந்த மரப்பெட்டி என்னிடமே தங்கிவிட்டது. கல்யாணமாகிச் சேலத்துக்குப் போகும்போது வளையல் பெட்டியாக எடுத்துக்கொண்டு போனேன். உன்னுடையதுதானே, எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவளைக் கேட்கவில்லை. ஏதோ ஒரு வீடு மாற்றும்போது அது தொலைந்தது. எந்த வீட்டில் என்றுகூட எனக்குத் தெரியாது. என் பிள்ளைகள் பிறந்தபோது டாக்டர் அம்மா ஒருத்தர், வீட்டில் எத்தனை பாஷை பேசினாலும் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே பேசும், அவ்வளவுதான் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பெட்டியைத் தேடினேன். கிடைக்கவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தர்மபுரி போனேன். தம்பி இப்போது அங்கேதான் வீடு கட்டியிருக்கிறான். அவனுக்குக் கல்யாணமும் தாமதம், குழந்தையும் தாமதம். மகளுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். பகலில் குழந்தை சின்னம்மாவிடம்தான். சித்தப்பா இல்லை. அப்பா போயும் பல வருஷம் ஆகிறது. அந்த வீட்டில் சின்னம்மாவை இன்னது பேசு, பேசாதே என்று சொல்ல இன்று ஒருத்தரும் இல்லை. தம்பிக்கு இந்தக் கதையே தெரியாது. தெரிந்தால் தடுக்கிறவனும் இல்லை.

சொல்லாமல்தான் போனேன். கதவு திறந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு குரல் கேட்டது. வேகமாக ஓடுகிற குரல், நடுவில் சிரிப்பு. யாரோ இளவயதுப் பெண் வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் சின்னம்மா. தலை முழுக்க வெள்ளை. கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அறை அறையாகத் தடுத்த ஒரு பிளாஸ்டிக் ஸ்வீட் பெட்டி. மூடியை மெல்ல, மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. "ஏனு?" என்றாள் சின்னம்மா.

அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். கொஞ்ச நேரம் வெளியே நின்றிருக்கலாம். ஆசை விடவில்லை. ஓரடி உள்ளே வைத்தேன்.

சின்னம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குரல் நின்றுபோனது. சொல்லின் நடுவிலேயே.

"வா கண்ணு, எப்ப வந்த?" என்றாள், எங்கள் தமிழில். கையை ஊன்றி எழப் பார்த்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்தினாள். "இந்தா, நீ வெளையாட்டுக் காட்டு. நான் காபி வெக்கறேன்."

"காபி வேணாம் சின்னம்மா. நீ பேசு. பேசிட்டிருந்த இல்ல, அப்படியே பேசு" என்றேன்.

"என்னாத்தப் பேசறது? சும்மா புள்ளகிட்ட ஏதோ..." என்று சிரித்து மழுப்பினாள்.

நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் அவளோடு சேர்ந்து சொன்ன சொற்களில் என்னிடம் மிச்சமிருப்பது மிகக் கொஞ்சம். அதில் ஒன்றையாவது அவள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. என் காதைத் தொட்டுக் காட்டினேன். "சின்னம்மா, இதுக்கு என்ன பேரு?"

அவள் என் காதைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"காது" என்றாள்.

குழந்தை அதற்குள் அவள் மடியில் ஏறி, அவள் கம்மலைப் பிடித்து இழுத்து, வீடு அதிரக் கத்தியது. "கிவி!"

சின்னம்மா சட்டென்று குழந்தையின் கையைப் பிடித்து இறக்கினாள்.

"நான் சொல்லித் தரல கண்ணு" என்றாள் என்னிடம். "அதுவா சொல்லுது."